வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: கண் கலங்கிய பக்கங்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த ஆண்டும் அறிக்கை வாசிக்கும் வேலை என் தலையில்தான் விழுந்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்; அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

காவியப் பாணி மிகுபுனைவு நாவல்களில் நம்மை உலுக்கிய இடங்களைப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஆளுக்கொரு காட்சி. எல்லோரும் சாவுக் காட்சியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. ராபின் ஹாப் எழுதிய 'ஃபூல்ஸ் எர்ரண்ட்' (2001) நாவலில் நைட்ஐஸ் என்ற ஓநாய் இறக்கும் பகுதியை வாசித்தவர், பாதியில் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டார். அவராலும் முடியவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் "வாசிப்பு நிறைவுபெறவில்லை" என்றுதான் எழுதினேன்.

ஆனால் ஆண்டு முழுக்க நம்மை விடாமல் பிடித்துக்கொண்டது, யாருமே சாகாத ஒரு காட்சி. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் தொகுதி, எதிரியின் நாட்டுக்குள் ஏறும் சிரித் உங்கோல் மலைப் படிக்கட்டு. தீய மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோவும் அவனுடைய விசுவாசத் துணைவன் சாமும் அசந்து தூங்குகிறார்கள். அந்த மோதிரத்தின் மீது வெறிகொண்ட அவர்களுடைய வழிகாட்டி கோலம் (Gollum), காட்டிக்கொடுக்கும் எண்ணத்தோடு போய்த் திரும்பியவன், அவர்களைப் பார்க்கிறான். கண்ணில் இருந்த வெறி அடங்குகிறது. ஒரு களைத்த கிழவனைப் போல, நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த நேரம் பார்த்து விழித்த சாம் அவன்மீது எரிந்து விழுகிறான். அவ்வளவுதான், அந்தக் கணம் போய்விட்டது. சாம் பிறகு வருத்தம் தெரிவிக்கிறான், பயனில்லை. கதையிலேயே மிகத் துயரமான தருணம் ஒருவேளை இதுதான் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

"காவலுக்கு இருப்பவன் சந்தேகப்படாமல் என்ன செய்வான்?" என்று சாம் தரப்பில் ஒரு மூத்த உறுப்பினர் வாதாடினார். விவாதம் அடுத்த கூட்டத்துக்கும் நீண்டது. தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. என் ஓட்டு சாமுக்குத்தான், ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க எனக்குத் தைரியமில்லை.

இன்னொரு செய்தியும் குறிப்பேட்டில் இருக்கிறது. கதையின் வெற்றிக்குப் பிறகு கோர்மாலென் என்ற வயலில் ஃப்ரோடோவையும் சாமையும் வரவேற்கும் மகிழ்ச்சியான காட்சியை எழுதும்போதுதான் டோல்கீனின் கண்ணீர் தாளில் விழுந்ததாம்.

'தி வீல் ஆஃப் டைம்' வரிசையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். 14 தொகுதிகள். ராபர்ட் ஜோர்டன் 2007இல் மறைந்தபின் பிராண்டன் சாண்டர்சன் 2013இல்தான் முடித்தார். நாம் மட்டும் அவசரப்படுவானேன்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். டோல்கீனின் மூன்றாம் தொகுதியை இரவல் வாங்கியவர் தயவுசெய்து திருப்பித் தரவும். இரண்டாம் தொகுதி, ஃப்ரோடோ எதிரியிடம் சிக்கிய இடத்தில் முடிகிறது. 1954 நவம்பரில் அதைப் படித்தவர்கள் அடுத்ததற்கு 1955 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். நம் புது உறுப்பினர் ஒருவர் அதையும் தாண்டிக் காத்திருக்கிறார்.