ஏழாவது பிளக்

எட்மன்ரன், கனடா,
ஒக்டோபர் 20.

அன்பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இஞ்ச நல்ல சுகம். உங்கட சுகத்துக்கும் மாமாங்கேஸ்வரரை மன்றாடுறன்.

போன கிழமை போனில வாகனத்துக்கு என்ன நடந்ததெண்டு கேட்டீங்க. நான் சொல்லத் தொடங்க லைன் வெட்டிப்போச்சு. வெட்டாட்டியும் உங்களுக்கு அந்தப் போனில பாதிதான் கேக்கும், மிச்சத்துக்கு "ம்" கொட்டுவீங்க. அதாலதான் எழுதுறன். தம்பி வாசிச்சுக் காட்டட்டும். அம்மா வேணுமெண்டா குசினிக்குப் போகலாம், இது முழுக்க எஞ்சின் கதை.

என்ட பிக்கப் 2003ஆம் ஆண்டு வண்டி. வி8, அதாவது எட்டுச் சிலிண்டர், 5.3 லீற்றர், பெற்றோல். பாலமீன்மடுவில ஒரு வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கோ ரெண்டோ பாத்த உங்களுக்கு இதில எட்டுப் பிளக் எண்டா சிரிப்பு வரும். ஒரு பக்கம் நாலு, மற்றப் பக்கம் நாலு. ஒவ்வொரு பிளக்குக்கும் பொறி குடுக்கிற கம்பிச் சுருள், அதுதான் கொயில், தனித்தனி. செப்டெம்பரில இருந்து சிவப்பு லைட்டில நிக்கக்குள்ள சீற்று நடுங்கும், றேஸ் குடுத்தா அடங்கும். புறகு டாஷ்போட்டில எஞ்சின் லைட் பத்திச்சு. வேலையில கூட நிக்கிற எரித்திரியாக்காரன்ட்ட ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழ குத்திப் பாத்தான். பி0307 எண்டு வந்தது. கடைசி ஏழுதான் ஆளைக் காட்டுறது, ஏழாம் சிலிண்டர் மிஸ் அடிக்குது, சரியா எரியாம விடுது.

கராஜ் ஒண்டில கேட்டன். பிளக் மாத்த 700 டொலராம். நம்மட காசில ஒரு லட்சத்துக்கு மேல. சாமானுக்கு இல்ல, அவன்ட மணித்தியாலத்துக்குத்தான் அந்தக் காசு. இஞ்ச ஆரும் பிளக்கைக் கழட்டி, அரத்தாளால தேச்சு, மண்ணெண்ணெயில கழுவித் திருப்பிப் போடுறதில்ல. கழட்டினா எறியிறதுதான். எனக்கு அது முதல்ல கொழுப்பு மாதிரித்தான் பட்டது. புறகு விளங்கிச்சு: இரிடியம் பிளக்கின்ட முனை ஊசி மாதிரி, தேச்சா அதோட சரி. ஆனா ஒருக்கப் போட்டா ஒன்றரை லட்சம் கிலோமீற்றர் ஓடும். மண்ணெண்ணெய் எஞ்சினில மாசத்துக்கு ஒருக்கக் கரி சுரண்டின உங்களுக்கு இது நம்ப ஏலாது.

எட்டுப் பிளக்கும் சாமானும் நூறு டொலர் சொச்சம். எரித்திரியாக்காரன் வீட்டுக் கராஜுக்குள்ள வண்டியை விட்டன். நான் இருக்கிற இடத்தில, வாகனம் நிப்பாட்டுற இடத்தில ஸ்பனர் எடுத்தாலே கடிதம் வரும்.

எஞ்சின் நல்லாக் குளிரும் மட்டும் பாத்திருந்தன். பிளக் பூட்டுற சிலிண்டர் தலை அலுமினியம், சூட்டில கழட்டினா மரை போயிடும். கழட்ட முதல் பிளக்கைச் சுத்தி இருந்த மணலை சைக்கிள் பம்பால ஊதினன். ஊதாமக் கழட்டினா அது நேரா சிலிண்டருக்குள்ளதான் விழும். வயரைப் பிடிச்சு இழுக்கப்படாது, ரப்பர் தொப்பியைத் திருகித்தான் எடுக்கவேணும். இதெல்லாம் நீங்க சொன்னதுதான். நான்தான் அப்ப காது குடுக்கல்ல.

ஒண்டு, மூண்டு, அஞ்சு லேசா வந்தது. மண் நிறம், வெள்ளை ஓடல்ல, கரியும் இல்ல, நல்ல எரிவு. ஆனா இடைவெளி தேஞ்சு ஒரு மில்லிமீற்றரில இருந்து ஒன்றரைக்குக் கிட்டப் போயிருந்தது. ஏழாவது கடைசியில, ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில ஒளிச்சிருக்கு. கை போனா கண் போகாது. எரித்திரியாக்காரன் லைட் பிடிச்சான். அவன் ஆட்ட ஆட்ட எனக்கு வந்த கோபத்தில, "மனே, லைட்டை ஆட்டாத" எண்டு தமிழிலயே கத்திப்போட்டன். சுனாமிக்குப் புறகு மணலுக்குள்ள இருந்து இழுத்த எஞ்சின்களை வரிசையா வச்சு, பிளக்கைக் கழட்டி, நல்ல தண்ணியில அலசி, சிலிண்டருக்குள்ள ஒயில் விட்டுக் கயிறு இழுப்பீங்களே, அந்த ராவுகளில நான் ரோச் பிடிச்சபடி நித்திரை தூங்கினதுக்கு எத்தின தரம் ஏச்சு வாங்கியிருப்பன்!

ஏழு வெளிய வந்தது. கறுப்பு. அதுவும் காய்ஞ்ச கரி இல்ல, ஈரம், ஒயில் வழியுது.

புதுப் பிளக் போடக்குள்ள ஒரு விசயம். நீங்க சொல்லித்தந்தது, கையால இறுக்கி, புறகு சாவியால அரைச் சுத்து. அது வள்ளத்து எஞ்சினுக்குச் சரி, அந்தப் பிளக்கில வொஷர் இருக்கு, அது நசிஞ்சு குடுக்கும். இதில வொஷர் இல்ல, கூம்பாப் போய்க் குந்துது. அரைச் சுத்துச் சுத்தியிருந்தா சிலிண்டர் தலையோட போயிருக்கும். ரப்பர் குழாய்த் துண்டொண்டில பிளக்கைச் செருகி விரலாலதான் முதல்ல சுத்தினன், மரை மாறினா குழாய் வழுக்கும், நல்ல யோசனை. புறகு இறுக்கத்தை அளக்கிற டோர்க் சாவியில 15 நியூட்டன் மீற்றர். டக் எண்டது, விட்டன்.

அடுத்தது பிசிவி வால்வ். இது உங்கட எஞ்சினில இல்ல. அது ரூ ஸ்ட்ரோக், அதில பெற்றோல் கலவை கிராங்க் வயித்துக்குள்ளாலதான் போய்வரும், அதால தேவையுமில்ல. இதில பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒழுகிற வாயு கீழ ஒயிலுக்கு மேல தேங்கும். முந்தி அதைக் குழாயால றோட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தாங்க. கலிபோர்னியாவில புகைமூட்டம் கூடினதால 1961இல இதைக் கட்டாயமாக்கினாங்க. இப்ப அந்த வாயுவைத் திருப்பி இழுத்து எரிக்கிறது இந்த விரல் அளவு வால்வ்தான். இழுவை கூடின ஸ்லோவில கொஞ்சமாத் திறக்கும், பாரம் ஏற நல்லாத் திறக்கும். அடைச்சா உள்ள அமுக்கம் கூடி ஒயில் சீல்களைத் தள்ளும். இஞ்ச குளிரில இன்னும் மோசம். மைனஸ் முப்பதில வண்டியை ராவில கரண்டில குத்தித்தான் வைக்கிறது, எஞ்சினுக்குள்ள ஹீற்றர் இருக்கு. கிட்டக்கிட்ட ஓடினா எஞ்சின் சூடேறாது, உள்ளுக்குத் தண்ணி பிடிக்கும். ஒயில் மூடியைத் திறந்தா தயிர் மாதிரி ஒண்டு ஒட்டியிருக்கும். அது குழாய்க்குள்ள உறைஞ்சா எல்லாம் அடைபடும்.

பழைய வால்வைக் குலுக்கிப் பாத்தன். நல்லதெண்டா உள்ள டக் டக் எண்டும். இது சத்தமே இல்ல. வால்வோட பூட்டியிருந்த குழாயை இழுக்க அது மொறுமொறுப்பா ரெண்டா உடைஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை, சாமான் கடை பூட்டி. அடுத்த நாள் வேலைக்கு பஸ்ஸில போனன், ரெண்டு பஸ் மாறி. அந்த நாள் முழுக்க வண்டி வாயைத் திறந்தபடி கிடந்தது.

செவ்வாய்க்கிழமை குழாய் வாங்கிப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினன். நடுக்கம் இல்ல.

ஆனா அப்பா, மனசு ஆறல்ல. பிசிவி வால்வ் அடைச்சதாலதான் எல்லாமெண்டா எட்டுப் பிளக்கும் நனைஞ்சிருக்கவேணும். ஏழு மட்டும் ஏன்? காலையில ஸ்டார்ட் பண்ணக்குள்ள ஒரு வாய் நீலப் புகை வருது, ஓடக்குள்ள இல்ல, மேட்டில ஏறக்குள்ளயும் இல்ல. எனக்குப் பிஸ்டன் ரிங் இல்ல, சிலிண்டர் தலையில இருக்கிற வால்வின்ட ஒயில் சீல் எண்டுதான் படுது. அந்தப் பிளக்கை எறியாம, போட்டோ எடுத்துத் தம்பிட போனுக்கு அனுப்பியிருக்கிறன், நாலு பக்கமும் திருப்பித் திருப்பி. கண்ணாடியைப் போட்டுப் பாத்து என்னெண்டு சொல்லுங்க. அது தெரியும் மட்டும் நான் பனிக்காலத்துக்கு ஒயில் மாத்தல்ல.

இப்படிக்கு,
உங்கட மகன்