பல்லும் போர் தண்ணீரும்

பாலக்கோடு

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி. இங்கே மாங்காய் சீசன் முடிந்தது. பெங்களூரா லோடு முழுவதும் கூழ் ஃபேக்டரிக்குப் போயாயிற்று. விலைதான் இந்த முறையும் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

ஓய்வு பெற்றபின் படிக்க நேரம் கிடைக்கிறது. நம் பக்கத்துப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடு பற்றி எது வந்தாலும் விடுவதில்லை. காரணம் உனக்கே தெரியும். நம் வகுப்பில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள்தானே. முன்பல்லில் குறுக்கே ஓடும் அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்து, பல் தேய்க்காத பிள்ளைகள் என்று திட்டு வாங்கினோம். எவ்வளவு தேய்த்தாலும் அது போயிருக்காது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்துவிடும் கோளாறு அது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு அச்சு போடும். பிறகு நொதிகள் அந்தப் புரதத்தைச் சிதைத்து வெளியேற்ற, அந்த இடத்தைக் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நிரப்பும். ஃப்ளோரைடு மிஞ்சினால் புரதம் முழுசாக வெளியேறாது, எனாமலில் நுண்ணிய துளைகள் தங்கிவிடும். பல் முளைத்தபின் கறை ஏறுவது அந்தத் துளைகளில்தான்.

2020இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ ஆய்வாளர்கள் எலியின் எனாமல் செல்களுக்கு ஃப்ளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்குள் கால்சியம் வருவது குறைந்தது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறியது. மனிதச் சிறுநீரகச் செல்களுக்குக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு இல்லை. ஒரே தண்ணீரைக் குடிக்கும் உடம்பில் பல் ஏன் முதலில் அடிவாங்குகிறது என்பதற்கு விடை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது, சரவணா! ஆனால் பல் முளைக்கும்போதே அந்தச் செல்கள் அழிந்துபோகின்றன. திரும்பிவந்து பழுதுபார்க்க ஆள் இல்லை. அதனால் நான் நம்புவது மருந்தை அல்ல, தண்ணீரைச் சுத்தம் செய்வதைத்தான்.

2025 வேதியியல் நோபல் பரிசு கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்ததே, கவனித்தாயா? உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே நுண்ணிய காலியிடங்கள் நிறைந்த படிகங்களைச் செய்யும் வழியைத் திறந்தவர்கள். சில கிராம் பொடிக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கிவிடும். இந்த வகையில் சிர்கோனியத்தை வைத்துச் செய்த ஒன்று, 2008இல் ஆஸ்லோவில் உருவானது, தண்ணீரில் எளிதில் சிதையாது. அதைக்கொண்டு ஃப்ளோரைடைப் பிடிக்கும் சோதனைகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. சிர்கோனியம் நமக்குப் புதிதல்ல. ஊர்களில் தண்ணீர் சோதிக்கும் கிட்டின் இளஞ்சிவப்புச் சாயத்தில் அதுதான் இருக்கிறது. ஃப்ளோரைடு அதைச் சாயத்திடமிருந்து பறித்துக்கொள்ள, சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். எங்கள் தெருவின் போர் தண்ணீரில் அந்த மஞ்சளைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. காய்ச்சி வடித்த சுத்த நீரில் ஃப்ளோரைடை மட்டும் கரைத்துச் செய்யும் சோதனை வேறு, பைகார்பனேட்டும் பாறையின் உப்பும் மண்டிய நம் தண்ணீர் வேறு. பொடியை எத்தனை முறை கழுவிப் பயன்படுத்தலாம், பிடித்த ஃப்ளோரைடை எங்கே கொட்டுவது என்று சொல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

2013இல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது நம் மாவட்டங்களுக்குப் பெரிய விடிவு. ஆனால் குடிக்கக் குழாய்த் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அப்புறம், உன் மகள் காவேரிப்பட்டணம் பக்கம் புதுவீட்டில் போர் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். பேத்திக்கு இரண்டு வயது. நிரந்தரப் பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். எட்டு வயது வரை கவனம் வேண்டும். தண்ணீர் தெளிவாக, ருசியாக இருக்கிறது என்று விட்டுவிடாதே. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிக்கச் சொல். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். முடிவு தெரியும்வரை பாப்பாவுக்குச் சோறு வடிக்கவும் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும். ராகிக் கூழ் தாராளமாகக் கொடுக்கட்டும். கால்சியம் ஃப்ளோரைடைக் குடலிலேயே ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரும்போது பாட்டிலைக் கொடுத்தனுப்பினால் போதும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நானே கொடுத்து முடிவை வாங்கி எழுதுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்