ட்ரோன் பழக ஒரு மைதானம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மகள் வாங்கித்தந்த 249 கிராம் கேமரா ட்ரோனைக் காவிரிக் கரையில் பறக்கவிட்டுப் பழகுகிறேன். முதல் நாள், காற்றடித்த திசையிலேயே வெகுதூரம் அனுப்பிவிட்டேன். திரும்பும்போது எதிர்காற்று, பேட்டரி மளமளவென்று இறங்கியது. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வைக்கும் பொத்தானை அழுத்தினேன். அதற்கான உயரம் 15 மீட்டர் என்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நேராகத் தென்னை மட்டையில் மோதி, இறக்கை முறிந்து விழுந்தது. பக்கத்தில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு உட்பட்டதை ஓட்ட உரிமம் வேண்டாம். சரி, ஆனால் பழக்கம் வேண்டுமே! ட்ரோன் பறக்கவிடுவதற்காக வான்வெளியைப் பச்சை (முன் அனுமதி வேண்டாம்), மஞ்சள், சிவப்பு (அனுமதி வேண்டும்) என்று மண்டலங்களாகப் பிரித்திருப்பதும், பச்சையிலும் 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் போகக்கூடாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், எங்கள் பக்கத்தில் இந்த மண்டலங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடவே கூடாது.

பச்சை மண்டலத்தில் உள்ள பள்ளி மைதானம் ஒன்றை, ஞாயிறு காலை காற்று எழும்பும் முன் ஒரு மணி நேரம், புதிதாகப் பழகுவோருக்கு மாவட்ட நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருவையாறு