சாலையைக் கடப்பது பற்றி: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். பள்ளி வாசலுக்கு எதிரே, நிற்கும் கார்களுக்கு நடுவே பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது அதிகமாகிவிட்டது. வரும் சனிக்கிழமை, 7 மார்ச், காலை 10 மணிக்குப் புளோக் கீழ்த்தளத்தில் பேசுவோம். அதுவரை:

1. 50 மீட்டருக்குள் கடக்கும் இடம் இருந்தால் அங்கேதான் கடக்க வேண்டும். சிங்கப்பூரில் அந்த 50 மீட்டருக்குள் மற்ற இடத்தில் கடப்பது குற்றம்.

2. நடப்பவருக்கான விளக்கில் பச்சை மனிதர் மின்னத் தொடங்கிவிட்டால் சாலையில் இறங்காதீர்கள்.

3. கார் ஓட்டுபவர்களே, வரிக்கோட்டில் (கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கடக்கும் இடம்) நடப்பவருக்கே முதல் வழி. இடப்பக்கம் திரும்பும்போதும், பச்சை மனிதர் எரிந்தால், நடப்பவர் கடக்கும்வரை நில்லுங்கள். ஹார்ன் அடிப்பதெல்லாம் வேண்டாமே.

4. தாத்தா பாட்டி கூட்டிப்போனால், விளக்குக் கம்பத்தில் அழுத்தும் பொத்தானுக்கு மேலிருக்கும் கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டச் சொல்லுங்கள். பச்சை நேரம் கூடும். எல்லாச் சந்திப்பிலும் இந்த வசதி இல்லை.

வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போதாது, எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். நாற்காலி எடுக்க வேண்டும்.