பொரிக்குக் காத்திருக்கும் பறவையா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் கொடைக்கானல் கட்டுரையில், சீகாரப் பூங்குருவியின் படத்துக்குக் கீழே ‘பயணிகள் வீசும் பொரி, பிஸ்கட்டைத் தின்று வாழும் பறவை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். தங்கள் பத்திரிகையிலா இப்படி என்று மனம் கொதித்துப்போனது.

கொடைக்கானல் மலைத்தொடரில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். குடியிருப்புக்குப் பின்னால் ஓடை. விடியும் முன்பே, யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் அந்தப் பூங்குருவி பாடத் தொடங்கிவிடும். நிழல் கவிந்த ஓடைப் பாறைகள்தாம் அதன் வீடு. மழைக்காலத்தில் அருவியோரப் பாறை இடுக்கில் வேரும் பாசியும் சேர்த்துக் கூடு கட்டும். ஈரத்தில் தத்தித் தத்திப் பூச்சி, மண்புழு, நத்தை, சிறு தவளை என்று பிடித்துத் தின்னும். நண்டு அகப்பட்டால் பாறையில் மோதி உடைக்கும். காட்டுப் பழங்களும் உண்டு. தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் பிறவியை இப்படி எழுதலாமா?

இனி வத்தலக்குண்டு மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பொரி வீசுவார்கள். குரங்குகளைக் கெடுத்தது போதாதா? 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தது. 2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. ஓடைகளில் ஷாம்பு உறையும் சோப்பு நுரையும் நின்றபாடில்லை. காப்பிப் பழம் அலசிய கழிவுநீரை எங்கள் ஓடையில் திறந்துவிட்ட நாட்களில் நண்டு கண்ணில் படாது, சீட்டிச் சத்தமும் மேல்காட்டுக்குப் போய்விடும். முதலாளியிடம் சொன்னேன். “கணக்கை மட்டும் பார்” என்றார். தங்களுக்கும் எழுதினேன், அந்தக் கடிதம் வெளிவரவேயில்லை.

மருதாநதி வழியாக எங்கள் ஓடைத் தண்ணீர் வைகைக்குத்தான் வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அழகர் இறங்கும் வைகையில் தண்ணீர் வருமா என்று சித்திரைதோறும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அந்த வைகைக்கு நீர் தரும் மலையோடைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கக்கூடாதா?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. வரும் ஞாயிறு மலரில், அது ஓடைக்கரையில் இரை தேடும் பறவை, அதற்கு யாரும் தீனி போட வேண்டாம் என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். படத்தையும் மீண்டும் போட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர்,
செல்லூர், மதுரை.