வயதை உயர்த்தும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்றாம் வகுப்பில் சேர 6 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் நிலைப்பாடு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். தமிழகத்தில் 5 வயதே தொடர வேண்டும். வயதை உயர்த்தினால், வசதியுள்ளவர்கள் அந்தக் கூடுதல் ஓராண்டுக்குப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்; மற்றவர்களுக்கு அங்கன்வாடிதான். எங்கள் ஊர் அங்கன்வாடியில் எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரே பணியாளர்தான். பாவம், அவர் எப்போது பாடம் நடத்துவார்? என் பேத்தி ஐந்து வயதை நெருங்கியபோதும் இரண்டு வயதுக் குழந்தைகளோடு உட்கார்ந்து அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

2019-இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள், சரி. அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கி, தனி ஆசிரியர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். வயது வரம்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

– வாசகர், துறையூர்