ஆள் மாறிச் சுட்டவன்

அன்புள்ள மக்களே,

நீ லீவுக்கு வந்தபோது விட்டுப்போன ‘பனிஷர்: வார் ஸோன்’ ஆங்கிலப் பட ப்ளூரே டிஸ்கை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். அமெரிக்க டிஸ்க் ரீஜன் ஏ, நம் ஊர் பிளேயர் சி; ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் பிளேயரில் ஓடாது. அதனால் பிளேயரையும் சேர்த்துத் தூக்கி வந்தாயே, அது நல்ல புத்தி.

இதெல்லாம் அம்மா பார்க்கிற படமா என்று கேட்காதே. மார்த்தாண்டத்தில் வாடகை வீடியோ கேசட் கடை வைத்தது உன் அப்பா. கவுண்டரில் இருந்தது நான். யார் வீட்டுக்கு எந்தப் படம் போகிறது என்று எனக்குத்தான் தெரியும். அடிதடிப் படம் அதிகம் எடுத்தவர்களெல்லாம் பரமசாதுக்கள். நம் ஊரில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. டேப்பில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை பிடிக்கும். ஒரு வீட்டுப் பூஞ்சை அடுத்த வீட்டு வீடியோ டெக்கின் ஹெட்டைக் கெடுக்கும், பஞ்சாயத்து மட்டும் நம் கடை வாசலில் நடக்கும். ரீவைண்ட் பண்ணாமல் திருப்பித் தருகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது.

தியேட்டரில் படுத்த படம் கேசட்டில் எழுந்து உட்காருவதை அப்போதே பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த ரகம்தான். சுமார் மூன்றரைக் கோடி டாலர் போட்டு எடுத்து 2008 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஒரு கோடி டாலர் அளவுக்குத்தான் வசூல். 2009 மார்ச்சில் டிஸ்க் வந்தது. கொண்டாடும் கூட்டம் பிறகுதான் சேர்ந்தது. எடுத்தது லெக்ஸி அலெக்ஸாண்டர் என்ற பெண், கராத்தே சாம்பியனாக இருந்தவர். அடி ஒவ்வொன்றும் எலும்பில் விழுகிற மாதிரி இருப்பதன் காரணம் அதைப் படித்தபோது புரிந்தது. ரத்தம் கொஞ்சம் அதிகம்தான். பாதி இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் படம் நேர்மையானது. தன் குடும்பத்தைக் கொன்றதற்காக ரவுடிகளைத் தேடித் தேடிக் கொல்கிற ஹீரோ ஃபிராங்க் கேஸில், ஆரம்பத்திலேயே ஒரு ரவுடிக் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளும்போது அதில் ஒருவன் ரவுடியே இல்லை, மாறுவேடத்தில் உள்ளே இருந்த எஃப்.பி.ஐ. போலீஸ் ஆள். அவனுக்கு ஒரு மனைவி, ஒரு சின்னப் பெண். ஃபிராங்க் பணத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறான். அந்தப் பணத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? நம் கடையில் 1985-ல் வந்த ‘நான் சிகப்பு மனிதன்’ தொடங்கி எத்தனை பழிவாங்கும் படங்கள் ஓடின! நான் பார்த்தவரை அவற்றில் செத்தவர்கள் எல்லாரும் சாக வேண்டியவர்களாகவே இருப்பார்கள். கதை எழுதுகிறவருக்கு அது வசதி.

இப்போது குடும்பக் குரூப்பில் நீ போட்ட வீடியோவுக்கு வருகிறேன். கம்பத்தில் கட்டி வைத்து ஒரு பையனை அடிக்கிறார்கள். ‘திருட்டுப் பயலுக்கு இப்படித்தான் வேணும்’ என்று நீ எழுதியிருக்கிறாய். அவன் திருடினான் என்று யார் பார்த்தது? எந்த ஊர், எந்த வருஷம், ஏதாவது தெரியுமா உனக்கு?

2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன வயதான அம்மா ஒருத்தர், வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்ட் பண்ண முடியாமல் செய்ததே இந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகுதான்.

திருடனுக்குப் பரிந்து பேசவில்லை, மக்களே. திருடினால் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. தாமதமாகும், எரிச்சல் வரும், ஆனாலும் அங்கே அவனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடு. உன் சித்தப்பா அதை வேறு குரூப்புகளுக்கும் தள்ளிவிட்டார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா